இடுப்பளவுச் சுவர்

சகாபுதீன் வீட்டில் திருடன் புகுந்த அன்று, தெருவிலேயே அதிக வெளிச்சமாக இருந்த வீடு அதுதான். சவுதி தம்மாமில் ஒரு குடோனில் சூப்பர்வைசராக இருக்கும் அவன் கார்கோவில் அனுப்பிய ஆறு ஃபோகஸ் லைட்டுகளும் வீட்டைச் சுற்றிப் பளபளவென்று எரிந்துகொண்டிருந்தன. அவன் கம்பெனி யார்டில் அப்படித்தான் மாட்டியிருக்கிறார்களாம். அந்த யார்டில் விடிய விடிய நான்கு காவலாளிகள் சுற்றி வருகிறார்கள் என்பதை மட்டும் அவன் மறந்துவிட்டான்.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து திருச்சுழி போகும் வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற ஊர் அது. வீட்டின் முன்வாசல் பள்ளிவாசல் தெருவைப் பார்த்தது. பின்பக்கம் ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் கீழத்தெரு. வெளிநாட்டுக் காசில் வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் சகாபுதீனும் செய்தான். சுற்றிலும் எட்டடிக்குச் சுவர் எழுப்பினான். பொம்பளைகள் இருக்கிற வீடு, வெளியே தெரியக் கூடாது என்றான். ஃபோனில் படம் பார்த்துப் பார்த்தே கட்டி முடித்த வீடு.

நோன்பு ஏழாம் நாள் அது நடந்தது. ரமலான் மாதம் இரவுத் தொழுகைக்குப் பெண்கள் எல்லோரும் தெருக்கோடி மதரசாவுக்குப் போய்விடுவார்கள். எட்டே முக்காலுக்குப் போனால் திரும்பப் பத்தாகும். அன்று அவன் மனைவி சர்புன்னிசாவும் மகள் தஸ்லீமாவும் திரும்பி வந்தபோது அடுப்படிக் கதவின் தாழ்ப்பாள் பிய்ந்து தொங்கியது. இரண்டு சிலிண்டர், மிக்சி, தையல் மிசினில் புதிதாக மாட்டிய மோட்டார், எல்லாம் போயிருந்தன.

நகை பேங்க் லாக்கரில் இருந்தது. அதனால் போனது பெரிதில்லை என்று வந்து பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சர்புன்னிசாவை அரித்தது வேறொன்று. அன்று சாயங்காலம் தஸ்லீமாவுக்குக் காய்ச்சல் அடித்தது. நீ வீட்டிலேயே படுத்துக்கொள் என்றுதான் முதலில் சொன்னாள். தனியாக இருக்க மாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்துப் பின்னாலேயே வந்தது. ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. அடம்பிடிக்காமல் படுத்திருந்தால் என்ற நினைப்பு வந்தபோதெல்லாம் எழுந்து போய்ப் பிள்ளை இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

வீட்டில் மாட்டியிருந்த கேமராவில் பதிவாகியிருந்ததைச் சகாபுதீன் தம்மாமிலிருந்தே ஃபோனில் பார்த்தான். கண் கூசும் வெள்ளை வெளிச்சம், அதன் ஓரத்தில் எருமை அளவுக்கு ஒரு கறுப்பு. வந்தது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை.

"இனிமே அந்த வீட்டுல ஒத்தையில இருக்க வேணாம்" என்றான் ஃபோனில். "நோம்புப் பெருநா முடிஞ்ச கையோட பூட்டிட்டு அருப்புக்கோட்டைக்குப் போயிரு. அண்ணன் வீட்டு மாடி காலியாத்தான் கெடக்கு. அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என்னங்க, என்னைய ஒரு வார்த்த கேக்கல?"

"கேக்குறதுக்கு என்ன இருக்கு. எனக்கு இங்க தூக்கம் வரல சர்பு."

கடல் தாண்டித் தூக்கமில்லாமல் கிடக்கிறவன். அதனால் அவளால் சண்டை போடவும் முடியவில்லை. சகாபுதீனின் அண்ணன் ஜமால் மைதீன் நல்ல மனிதர்தான், அவர் மனைவியும் முகம் கோணாதவள்தான். ஆனாலும் அது அவர்கள் வீடு. இங்கே முன்னறையில் மூன்று தையல் மிசின் ஓடுகிறது. நைட்டி தைக்க இரண்டு பெண்கள் தினமும் வருகிறார்கள். எந்த ஆணியில் எந்த நூல்கண்டு தொங்குகிறது என்பதுவரை அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். பதினேழு வருசம் மாமியார் வீட்டிலும் வாடகை வீட்டிலும் காலம் தள்ளிவிட்டு, இப்போதுதான் ஒரு வீட்டைத் தன் வீடு என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இன்னொருத்தர் மாடிக்குக் குடிபோவதா? அவளுக்குத் திருடன் மேல் வந்த ஆத்திரத்தைவிட, அந்தச் சாவியை நினைத்து வந்த ஆத்திரம்தான் அதிகம்.

இரண்டு நாள் கழித்து அவளுக்குத் தொழுகை இல்லாத நாட்கள் வந்தன. மாதாமாதம் பெண்களுக்கு வருகிற அந்த நாட்களில் நோன்பும் இல்லை, தொழுகையும் இல்லை. தஸ்லீமாவை மதரசாவில் விட்டுவிட்டுத் தெருவில் தனியாகத் திரும்பி நடந்தாள். தெருவில் ஈ காக்கை இல்லை. மைக்கில் ஓதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பாதித் தெரு வந்ததும் நின்றுவிட்டாள். ஃபர்ஹானா வீட்டு முகப்பு லைட் எரிந்தது, உள்ளே இருட்டு. அடுத்த வீடு, முகப்பில் வெளிச்சம், உள்ளே இருட்டு. அதற்கடுத்த வீட்டில் முகப்பு இருட்டு, கூடத்தில் டியூப்லைட். அங்கே நடக்க முடியாத ஒரு பெரியவர் இருக்கிறார். தெரு முழுக்க இதே கதைதான். வீட்டில் ஆள் இருக்கும்போது பூச்சி வருமென்று முகப்பு லைட்டை அணைத்துவிடுவார்கள். வெளியே கிளம்பும்போது, திரும்பி வந்து சாவித் துவாரம் தேட வேண்டுமே என்று அதைப் போட்டுவிட்டு, உள்ளே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே பெரிய பூட்டாகத் தொங்கவிட்டுப் போவார்கள். அவளும் அதைத்தான் செய்தாள், அவள் அம்மாவும் அதைத்தான் செய்தாள். இந்தத் தெருவில் யார் வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்துகொள்ளத் திருடன் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. எல்லோரும் விளக்குப் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. அப்படியே தெருவைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போனாள்.

சந்தில் நின்று தன் வீட்டைப் பார்த்தால் வீடே தெரியவில்லை. சுவருக்கு மேலிருந்து ஃபோகஸ் லைட் நேராகக் கண்ணில் அடித்தது. சுவரின் அடி மட்டும் மையிருட்டு. ஓரத்தில் சீமைக்கருவேலம் புதராக வளர்ந்து கிடந்தது. வீடு கட்டி மிஞ்சிய செங்கலைச் சுவரோடு ஒட்டி அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள், படி மாதிரி. அடுக்கி வைக்கச் சொன்னவளே அவள்தான்.

அப்போது அவளுக்கு ஒரு கோட்டி புத்தி வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, புர்காவை முழங்கால்வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு செங்கல் மேல் ஏறினாள். முருங்கைக் கிளை கைக்கு எட்டியது. நாற்பது வயதில், எழுபது கிலோ உடம்போடு, தன் வீட்டுச் சுவரில் தானே ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஃபோனில் நேரம் பார்த்தாள். நான்கு நிமிடம் ஆகியிருந்தது. ஒரு குஞ்சு குருமான்கூடப் பார்க்கவில்லை.

ஏறியது சரி, இறங்க முடியவில்லை. உள்பக்கம் குதித்தால் கால் போய்விடும். வெளிப்பக்கம் இறங்கினால் செங்கல் எங்கே என்று காலுக்குத் தெரியவில்லை. சந்துக்கு அந்தப் பக்கம், இருபதடி தள்ளி, கருத்தம்மாள் இருமுகிற சத்தம் கேட்டது. முன்னெல்லாம் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், இப்போது ஸ்பின்னிங் மில்லில் பகல் ஷிப்டு பார்க்கிறாள். சாயங்காலமானால் பின்வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து காற்று வாங்குவாள்.

"கருத்தக்கா" என்று மெல்லக் கூப்பிட்டாள் சர்புன்னிசா.

"யாரு, சர்புவா? எங்கெருந்து ஆத்தா கூப்புடுற?"

"எங்க வீட்டுச் சொவத்து மேலருந்துதான்."

கருத்தம்மாள் எழுந்து வந்து, கையை நெற்றியில் மறைப்பாக வைத்து அண்ணாந்து பார்த்தாள். "சொவத்து மேலயா? லைட்டு கண்ணக் குத்துதுத்தா. ஒண்ணுந் தெரியல. நெசமாவே அங்கதான் இருக்கியா?"

"கையத் தூக்கி ஆட்டுறேங்க்கா, பாருங்க."

"நீ தூக்கு, தூக்காம இரு, எனக்கு வெள்ளையாத்தான் தெரியுது."

குரலை வைத்தே தடவிக்கொண்டு வந்து, கருத்தம்மாள் அவள் காலைப் பிடித்துச் செங்கலில் வைத்து இறக்கினாள். இரண்டு பேரும் சந்திலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் கருத்தம்மாள் குரலை இறக்கிச் சொன்னாள்.

"அன்னைக்கி ராத்திரியும் நா இங்கதான் உக்காந்திருந்தேன். தடதடன்னு சத்தம் கேட்டுச்சு. நீங்கதான் எதையோ எறக்குறீகன்னு நெனச்சேன். முன்ன முள்வேலி இருந்தப்ப ஒங்க வீட்டு அடுப்புல என்ன கொதிக்குதுன்னே எனக்குத் தெரியும். இந்தச் சொவரு வந்த பெறகு அங்குட்டு யாரு இருக்கா, என்ன நடக்கு, எனக்கு என்னத்தத் தெரியும்."

சர்புன்னிசாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தன் வீட்டுக்கு இருபதடியில் தினமும் ஒரு காவல் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதன் கண்ணை மறைத்துச் சுவர் கட்டி, போதாததற்கு அந்தக் கண்ணில் லைட்டும் அடித்து வைத்திருக்கிறோம் என்று புரிந்தது. வெட்கமாகவும் இருந்தது. சுவர் எழும்பிய இரண்டு வருசத்தில் கருத்தம்மாளிடம் நின்று பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டாள்.

மறுநாள் காலையில் வெள்ளத்துரை வந்தான். கொத்து வேலையும் பார்ப்பான், வயரிங்கும் பார்ப்பான்.

"சொவத்த ஒசத்தணுமா மதினி? கண்ணாடிச் சில்லு பதிக்கவா?"

"எறக்கணும்."

அவன் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டான். திருட்டுப் போன வீட்டில் சுவரை இறக்கச் சொல்லி அவனை யாரும் கூப்பிட்டதில்லை. அவள் அவனைச் சந்துக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். குளிக்கிற இடமும் துவைகல்லும் இருக்கிற பக்கம் மட்டும் சுவர் அப்படியே இருக்கட்டும். மற்ற இடமெல்லாம் இடுப்பளவுக்கு இறக்கி, அதற்கு மேல் ஆள் உயரத்துக்குக் கம்பி கிரில் போட வேண்டும். ஃபோகஸ் லைட் ஆறும் கழற்றிப் பரணுக்குப் போகட்டும். அதற்குப் பதிலாகச் சின்ன பல்புகள், வெளிச்சம் ஆள் கண்ணில் அடிக்காமல் தரையில் விழுகிற மாதிரி மேலே மூடி போட்டு. சந்துப் பக்கம் ஒன்றும் அடுப்படிக் கதவுக்கு மேல் ஒன்றும் ஆள் அசைந்தால் தானாக எரிகிற லைட். செங்கலை அள்ளிவிட்டுச் சுவரோரம் நெடுக ஜல்லி பரப்ப வேண்டும், கால் வைத்தால் சத்தம் கேட்கட்டும். கருவேலம் புதரையும் முருங்கைக் கிளையையும் வெட்டிவிட வேண்டும்.

"திருடனே வந்து பிளான் போட்டுக் குடுத்த மாதிரி இருக்கு மதினி" என்றான் வெள்ளத்துரை.

"அப்படித்தான்னு வச்சுக்கங்க" என்றாள்.

பாதிச் சுவர் இடிபட்டபோது சகாபுதீன் கேமராவில் பார்த்துவிட்டான். ஃபோன் அலறியது.

"என்ன பண்ணிக்கிட்டு இருக்க நீ? திருடனுக்கு வாசல் வச்சுக் குடுக்குறியா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சுவரில் ஏறியதையும் மறைக்கவில்லை.

"நீ ஏறுனியா? சொவத்துலயா?"

"நாலே நிமிசங்க. யாரும் பாக்கல."

"நீ வீட்டு ஆளு. எங்க ஏறணும், எங்க எறங்கணும்னு ஒனக்கு வழி தெரியும். அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"ஒங்களுக்குந்தான் வழி தெரியும். இப்ப வந்து ஏறிப் பாருங்க."

கோபத்தில் சொன்ன வார்த்தை. அவன் ஃபோனை வைத்துவிட்டான். மறுநாள் அழைத்தபோது, பெருநாள் வரைக்கும்தான், அதற்குப் பிறகு மாடி வீடுதான் என்று மட்டும் சொன்னான்.

நாட்கள் ஓடின. மதரசாவில் தொழுகை இடைவெளியில் அவள் மற்றப் பெண்களிடமும் சொன்னாள். கிளம்பும்போது கூடத்து லைட்டும் ஃபேனும் ஓடட்டும், திரை அசையட்டும், பூட்டு வெளியே தெரிய வேண்டாம். கரண்டு பில்லை யார் கட்டுவது என்று கேட்டாள் ஃபர்ஹானா. இரண்டு சிலிண்டர் பறிகொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா என்று பக்கத்திலிருந்தவள் சொன்னதும் வாயை மூடிக்கொண்டாள். அந்த வாரத்திலேயே தெரு வேறு மாதிரி ஆகிவிட்டது. பின்பக்கம் புது லைட்டில் முதல் இரண்டு நாளும் பிடிபட்டதெல்லாம் கருத்தம்மாள் வீட்டு வெள்ளாட்டுக் குட்டிதான்.

எல்லாம் செய்து முடித்தும் சர்புன்னிசாவுக்கு நிம்மதி இல்லை. திருடன் வராததால் ஏற்பாடு வேலை செய்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? வரவும் கூடாது, வராமல் நிரூபிக்கவும் முடியாது. பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, தையல் மிசின்களைத் துணி போட்டு மூடுவதற்குப் பழைய போர்வைகளை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள். காயப்போடும்போது அழுகை வந்தது.

அன்று இருபத்தேழாம் இரவு. நோன்பு மாதத்தின் பெரிய இரவு என்பதால் ஊரே தொழுகையில் இருந்தது. இடைவெளியில் உட்கார்ந்திருந்தபோது மடியில் ஃபோன் அதிர்ந்தது. கருத்தம்மாள்.

"சர்பு, ஆளப் புடிச்சாச்சு. நீ ஓடியா."

தஸ்லீமா பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஓடினாள். செருப்பு மாட்டவில்லை. ஆள் கத்தி வைத்திருந்தால்? கருத்தம்மாளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? தன்னால்தானே சுவர் இறங்கியது என்று நினைத்துக்கொண்டே சந்துக்குள் திரும்பினாள். பின்னாலேயே தஸ்லீமாவும் ஓடி வந்தாள்.

லைட் எரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில், ஜல்லி மேல், முகத்தில் துண்டு கட்டிய ஓர் ஆள் முழங்காலில் உட்கார்ந்திருந்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற கருத்தம்மாளின் மகன் விஜயபாண்டி அவன் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தான். கருத்தம்மாள் கையில் விளக்குமாறு.

"சரக் சரக்குன்னு சத்தம். நிமிந்து பாத்தா லைட்டுல ஆளு நிக்கிறான், ஒரு காலு சொவத்து மேல" என்றாள் கருத்தம்மாள். "யாருடான்னு கேட்டா சகாபுதீன்ங்கிறான். சகாபுதீன் சவுதியில இருக்காகடா, நீ யாருடான்னேன். பேரு வரைக்கும் விசாரிச்சிட்டுல்ல வந்திருக்கான்."

"நாந்தாங்க்கா" என்றது துண்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

அந்தக் குரல் சர்புன்னிசாவுக்குத் தெரியும். அப்படியே ஜல்லியில் உட்கார்ந்துவிட்டாள். துண்டை இழுத்தாள். சகாபுதீன் ஊருக்கு வராத மூன்று வருசத்தில் தாடி வைத்து, கன்னம் ஒட்டி, பாதியாக இளைத்திருந்தான். கருத்தம்மாளுக்கு அடையாளம் தெரியாததில் ஆச்சரியமில்லை.

"நீங்களா?" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் அப்படியே இறங்கியது. புருசன் வந்துவிட்டான் என்ற சந்தோசம் ஒரு பக்கம். அவன் பிடிபட்டுவிட்டான் என்ற சந்தோசம் அதைவிட ஒரு படி மேலே இருந்தது என்பதை அவள் பிற்பாடும் யாரிடமும் மறுக்கவில்லை.

"சாயங்காலம் மதுரையில எறங்குனேன்" என்றான் அவன். "பெட்டியெல்லாம் அண்ணன் வீட்டுல கெடக்கு. நீதான சொன்ன, வந்து ஏறிப் பாருன்னு. உள்ள போயி அடுப்படியில உக்காந்திருந்து, வந்ததும் காட்டணும்னு நெனச்சேன். இந்தா பாரு, இன்னும் ஏறவே இல்ல."

"எம்புட்டு நேரத்துல புடிச்சாக?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒரு நிமிசங்கூட இருக்காது."

அதற்குள் அவன் சட்டைப் பையில் ஃபோன் கிணுகிணுத்தது. வீட்டுக் கேமராவில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் அவனுக்குத் தகவல் போகும். தஸ்லீமா அதை எடுத்துத் திறந்து, முதலில் பதிவான படத்தைப் பார்த்தாள். சுவரில் ஒரு காலும் ஜல்லியில் ஒரு காலுமாக, துண்டுக்கு மேல் இரண்டு கண்ணும் வெளியே தெரிய, அவளுடைய அத்தா நின்றிருந்தார்.

"மேல்சட்டைப் பட்டனு வரைக்கும் தெளிவாத் தெரியுதும்மா" என்றாள்.

கருத்தம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "அட, நெசமாவே அவுகதானா. தப்பா நெனச்சுக்கிறாதீக தம்பி. ரெண்டு அடி வேற வச்சுட்டேன்."

"மூணுக்கா" என்றான் சகாபுதீன்.

"ஏலே, கைய விடுடா, அவுக வீட்டுக்காரரு" என்றாள் கருத்தம்மாள் மகனிடம்.

விஜயபாண்டி கையைத் தளர்த்தப் போனான். சர்புன்னிசா எழுந்து முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"விடாதீக தம்பி. இன்னுங் கொஞ்சம் புடிச்சிருங்க" என்றாள். மகளிடமிருந்து ஃபோனை வாங்கி, ஜமால் மைதீன் எண்ணைப் போட்டு, புருசன் காதருகே பிடித்தாள்.

சகாபுதீன் அவளை அண்ணாந்து பார்த்தான். அவளுக்குப் பின்னால், கிரில் வழியாக, வீட்டின் முன்னறைவரை தெரிந்தது. கூடத்தில் லைட் எரிந்தது, ஃபேன் ஓடியது, மூன்று தையல் மிசினும் வரிசையாக நின்றன. ஃபோனில் அண்ணன் குரல் கேட்டது. உள்ளே போய்விட்டாயா என்று கேட்டார்.

"இல்லண்ணே" என்றான். "அந்த மாடிய வேற யாருக்காச்சும் வாடகைக்கு விட்டுருங்க."

அதற்குப் பிறகுதான் விஜயபாண்டி காலரிலிருந்து கையை எடுத்தான்.